ஆன்டெனா அறுத்த வேன்

புதன்கிழமை சாயங்காலம், பதினேழாவது மாட்டின் மடியைத் துடைத்து மெஷின் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்த ஐவன் நோல்ட், பக்கத்து வரிசையில் தன் பெண்டாட்டி ஏதோ முனகுவதைக் கேட்டுக் கையை நிறுத்தினான். முனகுவது குற்றமில்லை. கொட்டகையில் எல்லாரும்தான் முனகுவார்கள், மாடும் சாந்தமாக நிற்கும். ஆனால் வேர்னா முனகியது பாட்டுப் புத்தகத்தில் இல்லாத மெட்டு.

செனகா ஏரிக்கு மேற்கே மேட்டு நிலத்தில் இருக்கிற இந்த மென்னோனைட் என்கிற கட்டுப்பாடான கிறிஸ்தவச் சபையில் வாத்தியம் கிடையாது, ரேடியோ கிடையாது, டிவி கிடையாது. கார் உண்டு. அதுவும் கறுப்பாக இருக்கவேண்டும், பளபளக்கிற பம்பர் மேல்கூடக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கவேண்டும். பாட்டென்றால் தொண்டையும் புத்தகமும்தான். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அதே மெட்டுகளைக் கேட்டுக் கேட்டு, யாராவது நாலு சுரம் முனகினால் எத்தனையாவது பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பக்கம் தெரியாத மெட்டு ஒன்று பெண்டாட்டி வாயிலிருந்து வந்தால் புருஷன்காரன் சும்மா இருப்பானா?

"வேர்னா, அது எந்தப் பாட்டு?"

"எது?"

"இப்ப முனகினியே, அது."

"நானா? சும்மா ஏதோ வாயில வந்துச்சு."

"வாயில வர்றதுக்கு எங்கயாவது கேட்டிருக்கணும்ல? உங்கம்மா வீட்டுப் பக்கத்துப் பாட்டா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவள் அம்மா வீடு பென்சில்வேனியாவில் இருக்கிறது, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வேர்னாவுக்குப் பொய் வராது. வாய் திறக்குமுன்னே காதுமடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள்.

"வண்டியில கேட்டேன்."

"எந்த வண்டியில?"

"நம்ம வண்டியிலதான்."

"நம்ம வண்டியில ஏதுடி பாட்டு? அந்தப் பெட்டியத்தான் நான் என் கையால சாகடிச்சேனே!"

சாகடித்தது உண்மைதான், அதுவும் மூன்று பேர் சாட்சியாக. மார்ச் மாதம் அந்த வேனை வாங்கினான். ஐந்து பிள்ளைகளும் பாலும் பலகாரமும் ஏறுவதற்கு ஏழு சீட் வேண்டியிருந்தது. வாங்கியதும் வழக்கம்போல ரேடியோவைக் கழற்றினான். கழற்றினால் வேன் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது! திரும்ப மாட்டினால் பூனைமாதிரி உறுமுகிறது. சபையில் இந்த மாதிரி விஷயங்களைக் கவனிக்கிற டீக்கன் ஏமஸ் ஷர்க்கைக் கூப்பிட்டான். அவர் இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். நாலு ஆம்பிளைகளும் வேனுக்குள் தலையை விட்டு அரைமணி நேரம் யோசித்தார்கள். பாட்டு எங்கேயிருந்து வருகிறது? காற்றிலிருந்து. காற்றிலிருந்து எது வழியாக வருகிறது? கம்பி வழியாக. அப்படியானால் கம்பியை அறு. ஐவன் கத்தரியால் ஆன்டெனா கம்பியை அறுத்தான். ஏமஸ் ரேடியோவை அழுத்திப் பார்த்தார், இரைச்சல்தான் வந்தது. திரையின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார்கள்.

"இதுக்கு நீதான் பொறுப்பு, ஐவன்," என்றார் ஏமஸ்.

"நான் பொறுப்பு," என்றான் ஐவன்.

பாட்டு வெளியிலிருந்து வராமல் பெட்டிக்குள்ளேயே, குதிருக்குள் தானியம் மாதிரி, ஏற்கனவே குவிந்து கிடக்கலாம் என்பது அந்த நாலு தலையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ரேடியோவே வைத்திருந்தவர்கள் இல்லையே.

"ஜூன்ல ஸ்ட்ராபெரி ஜாம் பாட்டில் கவுந்துடுச்சுன்னு சொன்னேன்ல," என்றாள் வேர்னா. "டேப் மேலயும் கொட்டியிருந்துச்சு. ஈரத்துணி வச்சு அழுத்தித் தொடச்சேன். பாட ஆரம்பிச்சுடுச்சு."

"என்ன பாடுச்சு?"

"பாட்டு இல்ல. பியானோ. ஒரு பொம்பள வாசிக்கிறா. முன்னாடி வண்டி வச்சிருந்தவளா இருக்கும், வீட்ல உக்காந்து பழகினத அவளே பதிஞ்சு உள்ள வச்சிருக்கா. பாதியில தப்பாப்போனா நிறுத்திட்டு, 'இல்ல, மறுபடி'ன்னு சொல்லுவா. திரும்ப ஆரம்பிப்பா."

"எத்தன தடவ கேட்ட?"

வேர்னா அடுத்த மாட்டின் பக்கம் நகர்ந்தாள். 

"வேர்னா, எத்தன தடவ?"

"வெள்ளிக்கிழமதோறும்," என்றாள். "போகும்போதும் வரும்போதும். அதுல மொத்தம் அறுபத்து மூணு இருக்கு."

ஐவன் மாட்டின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கிற திருவிருந்து நாள். வருஷத்துக்கு இரண்டே தடவை. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சபை கூடி ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சின்ன அறைக்குள் கூப்பிட்டு டீக்கன் கேட்பார்: தேவனோடு சமாதானமா, சபை ஒழுங்கோடு சமாதானமா? ஆமாம் என்று சொன்னால்தான் அப்பம். சமாதானமில்லாதவர் ஒருவர் மறைத்து எடுத்தாலும் மொத்தச் சபைக்கும் அது தோஷம். வசந்தத்தில் அந்த அறையில் உட்கார்ந்துதான் வண்டி சுத்தம் என்று ஐவன் சொல்லியிருந்தான்.

"என்னப் பொய்யனாக்கிட்டியே," என்றான். கோபமாகக்கூட இல்லை, வெலவெலத்துப்போய்ச் சொன்னான்.

*

வியாழக்கிழமை காலையில் ஏரியிலிருந்து ஏறிய மூடுபனி பத்துமணி வரைக்கும் விலகவில்லை. அக்டோபர் என்றால் இந்தப் பக்கம் கறுப்புத் திராட்சை. அதை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை' என்ற பலகாரம் செய்ய ஒவ்வொரு பழத்தையும் இரண்டு விரலால் பிதுக்கவேண்டும். சதை ஒரு பாத்திரத்தில் விழும், தோல் இன்னொன்றில். சதையைக் காய்ச்சி விதையை வடித்து, திரும்பவும் தோலோடு கலந்து, சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பென் யான் ஊர்க் கடைக்கு முப்பது பை கொடுப்பதாக வேர்னா ஒப்புக்கொண்டிருந்தாள். கூடப் பிதுக்குவதற்கு ஐவனின் அக்கா லூயெல்லா வந்திருந்தாள். லூயெல்லாவுக்கு விரலும் வேகம், நாக்கும் வேகம்.

"என்ன, மூஞ்சி இப்பிடி இருக்கு? தூங்கலையா?"

"தூங்கினேன்."

"ஐவன் காலைல என்னப் பாத்துட்டு வாங்கன்னுகூடச் சொல்லாமப் போறான். வீட்ல ஏதாவது சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, லூயெல்லா."

"ஒண்ணுமில்லன்னா சரி." நாலைந்து பழம் பிதுக்குகிற நேரம் சும்மா இருந்தாள். அவளுக்கு அது அதிகம். "போன வெள்ளிக்கிழம நான் ஷர்க் வீட்டுல இருந்து நடந்து வந்துட்டிருந்தேன். நாலு ரோடு சேர்ற எடத்துல, வால்நட் மரத்தடியில உங்க வேன் நின்னுட்டிருந்துச்சு."

வேர்னாவின் விரலுக்குள் ஒரு பழம் நசுங்கி விதையோடு தெறித்தது.

"வண்டி ரிப்பேராயிடுச்சோன்னு கிட்ட வந்தேன். கண்ணாடி கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. நீ கண்ண மூடிட்டு உக்காந்திருந்த."

"தலவலி."

"தலவலிக்குப் பியானோ வாசிச்சா போயிடுமா?"

வேர்னா நிமிரவில்லை. அடுப்பில் முதல் பாத்திரம் கொதித்து நுரை தள்ளியது. எழுந்து போய்த் தீயைக் குறைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஐவனுக்குத் தெரியுமா?" என்றாள் லூயெல்லா.

"நேத்துதான் தெரியும்."

"அப்ப இத்தன நாளு அவனுக்கே தெரியாதா? அட கடவுளே! நல்ல பொம்பளதான் நீ."

"நான் என்ன, ஊர் சுத்தினேனா? யார் குடும்பத்தக் கெடுத்தேன்? ஒருத்தி வாசிக்கிறா, கேட்டேன். அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் கத்துற? சபை ஒழுங்க நானா எழுதினேன்? இத பாரு வேர்னா, சனிக்கிழம என்னயும்தான் உள்ள கூப்பிடுவாங்க. யார்மேலயாவது மனசுல ஏதாவது இருக்கான்னு கேப்பாங்க. இருக்கறத இல்லன்னு நான் எப்பிடிச் சொல்றது? நானும்தான அப்பம் எடுக்கணும்?"

"சொல்லப்போறியா?"

"நீயா சொல்லிட்டா நான் ஏன் வாயத் தொறக்கப்போறேன்? அத இப்பவே தெரிஞ்சுக்கோன்னுதான் வந்தேன். திராட்ச பிதுக்க வரல." சொல்லிவிட்டு இன்னும் வேகமாகப் பிதுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கிக்கொண்டு, "நெசமாவே நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

வேர்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இருந்துச்சு," என்றாள்.

"ம்," என்றாள் லூயெல்லா. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

எப்படி நன்றாக இருந்தது என்று கேட்டிருந்தால் வேர்னாவுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவள். அக்காவின் பழைய கவுன், அம்மாவின் பழைய தையல் மெஷின், ஐவன் வீட்டின் பழைய அடுப்பு. படுக்கையில்கூட ஒரு ஓரத்தில் கடைக்குட்டி. வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும், பென் யான் போக இருபத்திரண்டு நிமிஷம், வர இருபத்திரண்டு நிமிஷம், பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தாள். அந்த நேரத்தில் முகம் தெரியாத ஒருத்தி வந்து உட்கார்ந்து வாசித்தாள். யாருக்காகவும் வாசிக்கவில்லை. தப்பானால் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இல்ல, மறுபடி, அவ்வளவுதான். பெட்டி போன தடவை விட்ட இடத்திலிருந்தே தொடரும், ஆனால் பன்னிரண்டாவதை மட்டும் வேர்னா ஒரே மூச்சாகக் கேட்டதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் அது பாதியில் இருக்கும்போது ஊரோ வீடோ வந்துவிடும். அதனால்தான் வால்நட் மரத்தடியில் நிறுத்தினாள்.

*

வெள்ளிக்கிழமை பைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி வாசலுக்குக் கொண்டுவந்தபோது ஐவன் வேன் பக்கத்தில் நின்றான். சாவி அவன் கையில் இருந்தது.

"நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்."

"உனக்குச் சோளம் அறுக்கற வேல கெடக்கே?"

"அது கெடக்கட்டும்."

"கடைக்காரம்மாவுக்கு என்னத்தான் தெரியும், ஐவன்."

"பைய வாங்கிக்க மாட்டாளா? நான் குடுத்தா கசக்குமா?"

வேர்னா தட்டுகளை ஏற்றினாள். ஏற்றும்போது முன்சீட்டைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றாள். டேப் ஒட்டிய திரை அங்கேயே இருந்தது.

"உடைக்கப்போறியா?" என்று கேட்டாள்.

"உடைச்சா வண்டி ஓடாது. திங்கக்கிழம மெக்கானிக்கிட்ட காட்டணும். வேற வழி இருக்கான்னு கேக்கணும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு நீ என்ன சொல்லப்போற?"

"தெரியல."

"தப்புப் பண்ணிட்டேன், வருத்தப்படுறேன்னு சொல்லு. ரெண்டே வார்த்த. ஏமஸ் கல்நெஞ்சுக்காரர் இல்ல."

"தப்புப் பண்ணினேன்னு சொல்லிடுவேன். வருத்தப்படுறேன்னு எப்பிடிச் சொல்றது?"

"ஏன், வாய் வராதா?"

"வருத்தம் வரலையே, ஐவன்! நானும் ரெண்டு நாளாத் தேடிப் பாக்குறேன். பயம் இருக்கு. உன்ன இப்பிடி நிறுத்திட்டேனேன்னு கஷ்டமா இருக்கு. ஆனா கேட்டதுக்கு வருத்தம் இல்ல. இல்லாதத இருக்குன்னு சொல்லிட்டு அப்பத்த எடுத்தா அது எங்க தொண்டையில எறங்கும்?"

ஐவன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். கதவை அறைந்து சாத்திவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு மணி நேரத்தில் திரும்பவேண்டியவன் இரண்டரை மணி நேரம் கழித்து வந்தான். வேர்னா மூன்று தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, காலித் தட்டுகளை நீட்டி, "அடுத்த வாரம் முப்பத்தஞ்சு வேணுமாம்," என்றான். சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகளோடும் பேசவில்லை. பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் பாதித் தட்டு மிச்சம் வைத்தான். அவன் மிச்சம் வைத்து வேர்னா பார்த்ததே இல்லை.

*

சனிக்கிழமை கூட்டத்துக்குச் சபைவீட்டு முற்றம் முழுக்கக் கறுப்பு வண்டிகள். உள்ளே ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். பிரசங்கம் முடிந்ததும் வழக்கம்போல ஆம்பிளைகளை முதலில் கூப்பிட்டார்கள். ஒருவர் போவார், கொஞ்ச நேரத்தில் வருவார், அடுத்தவர் போவார். ஐவன் உள்ளே போனதும் வேர்னா பெஞ்சுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு இரண்டு நிமிஷம் ஆனது. அவனுக்குப் பத்து நிமிஷத்துக்கும் மேல் ஆனது. வெளியே வந்தவன் கழுத்துவரை சிவந்து, பொம்பளைகள் பக்கம் திரும்பாமல் போய் உட்கார்ந்தான். இரண்டு பெஞ்சு தள்ளி லூயெல்லா தம்பியைப் பார்த்தாள், பிறகு வேர்னாவைப் பார்த்தாள்.

வேர்னா முறை வந்தது. கோட்டு மாட்டுகிற இடத்தைத் தாண்டி அந்தச் சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி. ஏமஸ் ஷர்க் சளி பிடித்தவர் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எழுபது வயது, தச்சு வேலை செய்த கை, கட்டைவிரல் நகம் ஒன்று பாதிதான் இருக்கும்.

"உக்காரு, வேர்னா. பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"ஐவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்," என்றார் அவர். "வண்டிப் பெட்டிக்குள்ள பாட்டு இருந்தத. அத அவன் கேட்டத. ரொம்ப நேரம் உக்காந்து கேட்டேன்னு சொன்னான். வருத்தப்படுறான். நாளைக்கு அவன் அப்பம் எடுக்கமாட்டான், ரெண்டு வாரம் கழிச்சு சபை முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லுவான். பெட்டிய எப்பிடியாவது கழட்டிடுறான். அதோட முடிஞ்சுது. உனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னான். சரிதானே?"

வேர்னாவுக்கு முதலில் விளங்கவே இல்லை.  இரண்டரை மணி நேரம் எங்கே போனான் என்பது இப்போது தெரிந்தது. கேட்டேன் என்று சொல்வது பொய்யாகக் கூடாதென்று போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறான் மனுஷன்! சரி என்று தலையை அசைத்தால் போதும். நாளைக்கு அவள் அப்பம் எடுப்பாள், ஊருக்கு முன்னால் நிற்கவேண்டாம், லூயெல்லாவும் வாயைத் திறக்கமாட்டாள், தம்பியே சொன்னபிறகு அவளுக்கு என்ன? எவ்வளவு நல்லவன். அந்த நினைப்போடு சேர்ந்தே ஒரு ஆத்திரமும் கிளம்பியது, அவளே எதிர்பார்க்காத ஆத்திரம்.

"இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

"அவன் வெள்ளிக்கிழம ஒரு நாள்தான் கேட்டான். ஜூன்ல இருந்து கேட்டது நான்."

ஏமஸ் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வேர்னா, யோசிச்சுப் பேசு. நீ சொல்றது நெசம்னா அவன் இந்த நாற்காலியில உக்காந்து பொய் சொல்லியிருக்கான். ரெண்டுபேரும் மாட்டுவீங்க. அவன் தலையில போட்டுக்கிட்டு முடிச்சு வச்சுட்டான். நீ எதுக்கு அதத் திரும்பத் தொறக்குற?"

"அது அவனோடது இல்ல."

"எது?"

"அந்தப் பாட்டு. தப்புன்னு நீங்க சொல்றீங்களே, அதுவும்தான். என்னோடது. அவனுக்கு அதுல ஒண்ணுகூடத் தெரியாது. கூப்பிட்டுக் கேளுங்க, ஒரு மெட்ட முனகச் சொல்லுங்க பாக்கலாம். எனக்கு அறுபத்து மூணும் தெரியும்." மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள். "கழட்டிடுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. சபை முன்னால நிக்கச் சொன்னா நிக்கிறேன். ஆனா நான் கேட்டத அவன் கேட்டான்னு சொல்லாதீங்க, ஏமஸ்."

கிழவர் மேஜையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். மரவேலைக்காரனுக்கு அது பழக்கம்.

"வருத்தப்படுறியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அது வர்றவரைக்கும் அப்பம் இல்ல."

"தெரியும்."

"வராமலே போயிட்டா?"

"அதுவும் தெரியும்," என்றாள் வேர்னா. இப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. அவளுக்கு அப்பம் வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தடவையும் தவறாமல் எடுத்தவள். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஏமஸ் ஐவனைத் திரும்ப உள்ளே கூப்பிட்டனுப்பினார். ஒரு ஆளை இரண்டாவது தடவை கூப்பிடுவதைச் சபையில் யாரும் பார்த்ததில்லை. பெஞ்சுகள் எல்லாம் கிறீச்சிட்டன.

*

கூட்டம் கலைந்தபோது வெயில் வந்திருந்தது. ஐவன் வேன் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றான். முற்றம் முழுக்க ஆட்கள். யாரும் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் எதுக்கு அப்பிடிச் சொன்னேன்?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. "உனக்காகத்தானே?"

"தெரியும்."

"ஒண்ணர மணி நேரம் உக்காந்து அந்தக் கருமத்தக் கேட்டேன். ஒரு எழவும் புரியல. உன்ன அங்க நிக்க வைக்கக்கூடாதுன்னுதான் கேட்டேன். நீ உள்ள போயி ஒரே வார்த்தையில என்னக் கவுத்துட்ட!"

"நீ எனக்காகத்தான் சொன்ன, ஐவன். நான் இல்லங்கல. ஆனா கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒண்ணுதான். அதயும் உன் பேர்ல எடுத்துட்டியே."

ஐவன் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான்.  கோபம் போய்விடவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் லூயெல்லா தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்தபடி ஏறாமல் நின்றாள்.

வேர்னா கையை நீட்டினாள். "சாவியக் குடு."

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன்."

புருஷன் கூட இருக்கும்போது பெண்டாட்டி வண்டி ஓட்டக்கூடாது என்று ஒழுங்கில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்த முற்றத்திலிருந்து அப்படி ஒரு வண்டி கிளம்பி யாரும் பார்த்ததில்லை. ஐவன் கூட்டத்தைப் பார்த்தான். ஏமஸ் ஷர்க் படியில் நின்றிருந்தார். மறுபடி அவள் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் திராட்சைச் சாயம் ஏறி ஊதாவாக இருந்தது.

சாவியைக் கொடுத்தான். வேனைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். அந்த சீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலை இடித்துக்கொண்டான். வேர்னா சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, பின்னால் பார்த்து, நிதானமாக முற்றத்தை விட்டு வெளியே ஓட்டிப் போனாள்.